அரசியல் கருத்து எங்கிருந்து வருகிறது: கருவிலா, வீட்டிலா, குலுக்கலிலா?

1969 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, வாஷிங்டனில் ஒரு அரசு அலுவலகத்தில் பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்குள் 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு தேதி. 1944 முதல் 1950 வரை பிறந்த அமெரிக்க ஆண்களில் யாரை முதலில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பது என்பதை அந்தக் குலுக்கல்தான் முடிவுசெய்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். முதல் சீட்டில் செப்டம்பர் 14 என்று வந்தது. அந்தத் தேதியில் பிறந்த எல்லாருக்கும் எண் 1. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு வேறு. அடுத்த ஆண்டில் 195ஆம் எண் வரை அழைப்பு போயிற்று. அதற்கு மேல் விழுந்தவர்கள் தப்பித்தார்கள்.

இந்தக் குலுக்கலுக்கு நான்கு ஆண்டு முன்னால், 1965இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் ஜென்னிங்ஸ் நாடெங்கும் 97 பள்ளிகளில் கடைசி வகுப்பில் படித்த 1,669 மாணவர்களைப் பேட்டி எடுக்க வைத்திருந்தார். எந்தக் கட்சி, எந்தப் பிரச்சினையில் என்ன கருத்து என்று எல்லாம் கேட்டுப் பதிவுசெய்தார்கள். பெற்றோரிடமும் தனியாகக் கேட்டார்கள். அதே ஆட்களை 1973, 1982, 1997 ஆண்டுகளில் மறுபடியும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். குலுக்கல் நடக்கப்போவது 1965இல் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு முன் அந்த இளைஞர்கள் என்ன நினைத்தார்கள், பின்னால் என்ன நினைத்தார்கள் என்ற இரண்டும் இதனால் கைவசம் இருந்தன.

2011இல் ராபர்ட் எரிக்சன், லாரா ஸ்டோக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளை எடுத்தார்கள். கல்லூரியில் படித்ததால் அதுவரை ராணுவ அழைப்பிலிருந்து விலக்கு பெற்றிருந்து, படிப்பு முடியும் நேரத்தில் குலுக்கலில் மாட்டிய ஆண்களை மட்டும் பிரித்து, ஒவ்வொருவருடைய குலுக்கல் எண்ணையும் அவருடைய பிற்காலக் கருத்தையும் வைத்துப் பார்த்தார்கள். சின்ன எண் விழுந்தவர்கள் போரை எதிர்த்தார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் அவர்கள் பொதுவாகவே லிபரல் பக்கம், அதாவது சமூக மாற்றத்தையும் அரசின் உதவியையும் ஆதரிக்கும் பக்கம், நகர்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஜனநாயகக் கட்சிக்கு அதிகம் வாக்களித்தார்கள். பள்ளிக்காலத்தில் 'என் கட்சி' என்று சொன்னதைக் கைவிட்டவர்களும் அவர்களிடையேதான் அதிகம். ஒருவர் பதினெட்டு வயதில் எந்தக் கட்சி என்று சொன்னாரோ அதைவிட, குலுக்கலில் விழுந்த எண் அவருடைய பின்னாள் நிலையோடு வலுவாகப் பொருந்தியது. 1990களில் எடுத்த பேட்டியிலும் அதன் தடம் தெரிந்தது. இத்தனைக்கும் ராணுவத்துக்குப் போனவர்கள் போரைக் கண்ணால் பார்த்து மனம் மாறினார்கள் என்று இதை விளக்கிவிட முடியாது. சேவைக்கே போகாதவர்களிடமும் இதே விளைவு இருந்தது. அழைப்பு வரலாம் என்ற அச்சமே போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தக் குலுக்கலை ஒழுங்காகக் குலுக்கவில்லை என்று அப்போதே புள்ளியியலாளர்கள் குறை சொன்னார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்குச் சின்ன எண்கள் கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருந்தன. ஆனாலும் ஒருவர் டிசம்பரில் பிறந்தாரா ஏப்ரலில் பிறந்தாரா என்பதற்கும் அவர் அரசியலுக்கும் தொடர்பு ஏதும் கிடையாது, ஜோதிடர்கள் மன்னிக்க.

அரசியல் கருத்து பிறவியிலேயே வருகிறதா, கற்றுக்கொள்வதா, நாமே யோசித்துத் தேர்ந்தெடுப்பதா என்ற கேள்வியை எடுத்தால் மூன்றில் ஒரு பக்கம் சேரச்சொல்லித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எரிக்சனும் ஸ்டோக்கரும் பார்த்த ஆண்களுக்கு நேர்ந்தது இந்த மூன்றிலும் அடங்கவில்லை. எண் மரபணுவில் இல்லை, பெற்றோர் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர்கள் விரும்பி எடுத்ததும் இல்லை. சம்பவம் என்ற நாலாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு மற்ற மூவரைப் பற்றி மட்டும் வாதிடுவதால்தான் இந்த விவாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்பது என் எண்ணம். சரி, அந்த மூவரையும் ஒவ்வொருவராகப் பார்ப்போம். மரபணுவுக்குத்தான் இன்று செய்திகளில் மவுசு அதிகம், எனவே அதிலிருந்தே தொடங்கலாம்.

இரட்டையர் கணக்கு

ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்து பிறக்கும் இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுக்க ஒன்றே. இரண்டு முட்டைகளிலிருந்து உருவாகும் இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பி போல, சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே பெற்றோரிடம் வளர்கிறார்கள். அப்படியிருக்க, முதல் வகை இரட்டையரின் கருத்துகள் இரண்டாம் வகையினருடையதைவிட அதிகம் ஒத்துப்போனால், அந்த அதிகப்படி ஒற்றுமைக்கு மரபணுதான் காரணமாக இருக்க வேண்டும். இரட்டையர் ஆய்வு முழுவதும் இந்த எளிய கழித்தல் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

நிக்கோலஸ் மார்ட்டின், லிண்டன் ஈவ்ஸ் முதலிய மரபியலாளர்கள் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் இரட்டையர்களை வைத்து 1986இலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். சமூகக் கருத்துகளில் மரபுக்கு நல்ல பங்கு இருக்கிறது என்றார்கள். அரசியல் அறிவியல் துறையினர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. கருத்து என்றால் அது சமூகம் தருவது என்பது அந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கை. பிறகு 2005இல் ஜான் அல்ஃபோர்ட், கரோலின் ஃபங்க், ஜான் ஹிப்பிங் என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்களே, வர்ஜீனியாவில் திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான இரட்டையர்களின் பதில்களை எடுத்துத் தங்கள் துறையின் முன்னணி இதழில் எழுதினார்கள். அப்புறம்தான் சண்டை தொடங்கியது.

கேட்கப்பட்ட கேள்விகள் வேடிக்கையானவை. ஒரு சொல்லையோ சொற்றொடரையோ கொடுத்து, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று மட்டும் கேட்பார்கள். மரண தண்டனை, பள்ளியில் பிரார்த்தனை, சொத்து வரி, நவீன ஓவியம், விவாகரத்து என்று 28. ஜோதிடமும் அந்தப் பட்டியலில் உண்டு. பதில்களை எல்லாம் சேர்த்து ஒருவர் எந்த அளவுக்குப் பழமைவாதி என்று மதிப்பிட்டபோது, ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபைச் சார்ந்திருந்தது. ஆனால் 'நீங்கள் எந்தக் கட்சி' என்ற கேள்விக்கு வந்தபோது மரபின் பங்கு பெரிதும் சுருங்கி, வளர்ந்த வீட்டின் பங்கு ஓங்கியது. இந்த இரண்டாவது கண்டுபிடிப்பைச் செய்தித்தாள்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மரபு எதையாவது தருகிறது என்றால் அது ஒரு சாய்வு. எந்தக் கொடியின் கீழ் போய் நிற்பது என்பதை அது சொல்வதில்லை.

2014இல் ஆஸ்திரேலியா, டென்மார்க், ஹங்கேரி, சுவீடன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் மரபின் பங்கு சுமார் 40 விழுக்காடு.

இந்த எண்ணைத்தான் எல்லாரும் தப்பாகப் படிக்கிறார்கள். உங்கள் அரசியல் கருத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு அம்மா அப்பாவின் மரபணு, மீதி அறுபது நீங்கள் சேர்த்தது என்று இதற்குப் பொருள் கிடையாது. தனி ஒருவரைப் பற்றி இந்த எண் எதுவுமே சொல்லாது. ஒரு குறிப்பிட்ட நாட்டில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதற்கான அளவு அது. நாடு மாறினால், காலம் மாறினால் எண்ணும் மாறும். ஏன், வயது மாறினாலே மாறும். 2009இல் பீட்டர் ஹட்டேமியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 9 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள இரட்டையர்களின் அரசியல் கருத்தில் மரபின் பங்கு என்று எதுவும் தென்படவில்லை. ஒரே முட்டையோ இரண்டு முட்டையோ, ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரி பேசினார்கள். இருபதை ஒட்டி, பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் வயதில்தான் இரண்டு வகையினருக்கும் இடையே வித்தியாசம் தலைகாட்டியது.

இதை யோசித்துப் பாருங்கள். மரபணு பிறந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது. ஆனால் இருபது வயது வரை அரசியலில் அதன் குரல் கேட்பதில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பா அரசியல் பேசுகிற வரை பிள்ளையும் அதையே பேசுகிறான். வெளியே வந்து தன் நண்பர்களை, தன் வேலையை, தான் படிக்கும் பத்திரிகையைத் தானே பொறுக்கத் தொடங்கும்போதுதான் உள்ளே இருக்கும் இயல்பு வேலை செய்கிறது. பிறவிக் குணம் என்று நாம் சொல்வது வெளிப்படுவதற்கே கொஞ்சம் சுதந்திரம் தேவைப்படுகிறது.

கணக்கின் மேலும் குறைகள் உண்டு. ஒரே முட்டை இரட்டையருக்கு ஒரே சட்டை போட்டு, ஒரே பள்ளிக்கு அனுப்பி, ஒரே ஆளாகவே பார்ப்பார்கள். பெரியவர்களான பிறகும் அவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். இரு வகையினரின் சூழலும் சமம் என்று வைத்துக்கொள்வது எப்படி நியாயம் என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். இந்தக் குறை இருந்தால் மரபின் பங்கு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். எதிர்ப் பக்கம் இழுக்கும் குறையும் இருக்கிறது. அமெரிக்கக் கணவன் மனைவியர் அரசியலில் மிக ஒத்துப்போகிறார்கள். உயரம், எடை, சுபாவம் எதையும்விட அதிகமாக. அப்படி ஒத்த பெற்றோருக்குப் பிறக்கும் இரண்டு முட்டை இரட்டையர் இந்த விஷயத்தில் பாதிக்கும் மேல் மரபைப் பகிர்வார்கள். அதனால் கழித்தல் கணக்கில் மரபின் பங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் கட்சி கேட்பதில்லைதான். அதற்குப் பதில் கேட்பவை வேறு, அவற்றிலேயே கட்சியும் பாதி அடங்கிவிடுகிறது.

40 விழுக்காடு என்றார்களே, அந்த மரபணு எங்கே என்று தேடியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. 2010இல் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் தொடர்பான ஒரு மரபணு வகையைக் காட்டி 'லிபரல் மரபணு' என்று பத்திரிகைகள் கொண்டாடின. உண்மையில் அந்த ஆய்வாளர்கள் சொன்னது, அந்த வகையும் இருந்து, பதின்வயதில் நிறைய நண்பர்களும் இருந்தவர்களிடம் லிபரல் சாய்வு கொஞ்சம் தெரிகிறது என்பதுதான். ஒற்றை மரபணுவைப் பிடித்துக் குணத்தை விளக்கும் அந்த ஆய்வு முறைக்கே பிறகு மதிப்புக் குறைந்தது. 2014 ஆய்விலும் மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவிப் பார்த்தார்கள். இதுதான் என்று சுட்டும்படியான ஒன்று கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் துளித்துளியாகப் பரவியிருக்கிறது என்பதே இன்று பெரும்பாலானவர்களின் ஊகம்.

மூளையைப் படம்பிடித்தவர்களின் கதை இன்னும் சுவையானது. 2011இல் லண்டனில் 90 பேரின் மூளையை ஸ்கேன் செய்து, பழமைவாதிகளுக்கு அமிக்டலா என்ற பகுதி பெரிதாக இருக்கிறது, லிபரல்களுக்கு முன் சிங்குலேட் பகுதி பெரிதாக இருக்கிறது என்றார்கள். இந்த ஆய்வுக்கு வித்திட்டவர் நடிகர் காலின் ஃபர்த். பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு விருந்தினர் ஆசிரியராக இருந்தபோது எழுந்த யோசனை. 2024இல் நெதர்லாந்தில் 900க்கும் மேற்பட்டவர்களிடம் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். அமிக்டலா வித்தியாசம் மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது, மற்றது காணவே இல்லை. 2008இல் நெப்ராஸ்காவில் 46 பேருக்குப் பயமுறுத்தும் படங்களைக் காட்டி, வியர்வையையும் கண் சிமிட்டலையும் அளந்து, பழமைவாதிகள் அதிகம் மிரள்கிறார்கள் என்று சொன்ன புகழ்பெற்ற ஆய்வுக்கும் இதே கதிதான். 2020இல் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பெரிய அளவில் செய்தபோது அந்த முடிவு வரவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஆளுமைக் குணங்களையும் அரசியலையும் இணைத்து 2012இல் வந்த ஒரு கட்டுரைக்கு 2016இல் வந்த திருத்தம். கணினியில் பதில்களை உள்ளிட்டபோது இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். பழமைவாதிகளின் குணம் என்று அச்சிட்டது லிபரல்களுடையது. அவர்களுடையது என்று அச்சிட்டது இவர்களுடையது. நான்கு ஆண்டு அந்த முடிவைப் பலரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். குணத்தால் அரசியல் விளைவதில்லை, இரண்டுக்கும் அடியில் ஒரே மரபு இருக்கலாம் என்பதுதான் கட்டுரையின் மைய வாதம். அது இந்தப் பிழையால் கெடவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 'அந்தப் பக்கத்து ஆட்களின் சுபாவமே அப்படி' என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. தலைகீழாக அச்சிட்டாலும் நம்பும்படியாகத்தான் இருந்தது.

வீடும் கல்லூரியும்

'பரம்பரைக் காங்கிரஸ் குடும்பம்' என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள். அமெரிக்காவிலும் அப்படிக் குடும்பங்கள் உண்டு. ஜென்னிங்ஸும் ரிச்சர்ட் நீமியும் 1965 பேட்டிகளில் பெற்றோர் பதிலையும் பிள்ளைகள் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கட்சி அடையாளம் நன்றாகவே கைமாறியிருந்தது. ஆனால் குறிப்பிட்ட பிரச்சினைகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஒற்றுமை மிகக் குறைவு. வீடு கட்சியைத் தருகிறது. அந்தக் கட்சி எதற்காக இருக்கிறது என்பதை அவ்வளவாகத் தருவதில்லை. இரட்டையர் ஆய்வு சொன்னதோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

அந்தக் கைமாற்றமும் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதில்லை. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வில், பெற்றோரின் கட்சியைச் சரியாகத் தெரிந்துகொண்டு அதையே ஏற்ற பிள்ளைகள் பாதிக்கும் குறைவு. சிலர் தெரிந்தே மறுத்தார்கள். சிலர் பெற்றோரின் கட்சி வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு அதைப் பின்பற்றினார்கள். இன்னொரு விசித்திரத்தை அரசியல் அறிவியலாளர் எலியாஸ் டினாஸ் காட்டினார். வீட்டில் ஓயாமல் அரசியல் பேசும் பெற்றோரின் பிள்ளைகள்தான் சிறு வயதில் அப்படியே அச்சாக இருக்கிறார்கள். பின்னால் பெற்றோரை விட்டு விலகிப் போகிறவர்களிலும் அவர்களே அதிகம். அரசியலில் ஆர்வம் ஊட்டியதே அப்பாதான். அந்த ஆர்வம் கல்லூரிக்குப் போனதும் வேறு பேச்சுகளையும் கேட்க வைத்துவிடுகிறது.

கல்லூரி என்றதும் பென்னிங்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1932இல் திறக்கப்பட்ட பெண்கள் கல்லூரி. பணக்கார வீட்டுப் பெண்கள், பெரும்பாலும் குடியரசுக் கட்சிக் குடும்பங்கள். ஆசிரியர்கள் இளைஞர்கள், ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தங்களை ஆதரித்தவர்கள். அங்கே வேலைக்கு வந்த உளவியலாளர் தியோடர் நியூகோம் தன் மாணவிகளையே ஆண்டுதோறும் ஆராய்ந்தார். 1936 அதிபர் தேர்தலின்போது முதலாண்டு மாணவிகளில் 62 விழுக்காட்டினர் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டனை ஆதரித்தார்கள். ஏறக்குறைய அவர்கள் பெற்றோரைப் போலவே. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் அந்த ஆதரவு 15 விழுக்காடு. பாதிக்கு மேல் ரூஸ்வெல்ட் பக்கம். 30 விழுக்காட்டினர் சோஷலிஸ்ட் அல்லது கம்யூனிஸ்ட் வேட்பாளர் பக்கம்.

பாடப்புத்தகம் படித்தா மாறினார்கள்? நியூகோம் கண்டது வேறு. அந்தச் சின்ன ஊரில், வெளியுலகத் தொடர்பு குறைவான வளாகத்தில், மதிப்பும் செல்வாக்கும் இருந்த மூத்த மாணவிகள் எல்லாரும் இடது பக்கம் இருந்தார்கள். அவர்கள் வட்டத்துக்குள் போக விரும்பியவர்கள் கருத்தையும் கூடவே எடுத்துக்கொண்டார்கள். வீட்டோடு பிணைப்பு விடாதவர்கள், கல்லூரி வாழ்க்கையில் ஒட்டாமல் ஒதுங்கி நின்றவர்கள் மாறவில்லை. இப்படிச் சொல்வது அந்தப் பெண்களைக் குறைத்துப் பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் 1960ஐ ஒட்டியும், பிறகு 1984லும் அவர்களை மறுபடி தேடிப் போய்க் கேட்டபோது பெரும்பாலானவர்கள் அதே பக்கம்தான் நின்றார்கள். இருபது வயதில் செல்வாக்குக்காக எடுத்த கருத்து எழுபது வயதிலும் இருந்தால், அது இரவல் என்று எப்படிச் சொல்வது? அது நீடித்த விதமும் கவனிக்கத்தக்கது. தங்கள் கருத்துக்கு ஒத்த கணவரையும் நண்பர்களையும் தேடிக்கொண்டவர்களிடம் அது நிலைத்தது. பழைய வட்டத்துக்குள் மணமாகிப் போனவர்களில் சிலர் திரும்பிவிட்டார்கள்.

பதினேழிலிருந்து இருபத்தைந்து வரையான வயதில் படும் அரசியல் அழுத்தமாகப் பதிகிறது என்ற கருத்துக்கு ஆதாரம் பல இடங்களில் இருக்கிறது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவில் நின்ற கல்லூரி மாணவர்களின் தலைமுறையை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன்தான் 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார்.

வளர்ப்பின் வலிமைக்கு இன்னும் பெரிய சான்று ஜெர்மனி. ஒரே மொழி, ஒரே மக்கள். இரண்டாம் உலகப் போரில் வென்ற நாடுகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டபடி நடுவில் கோடு விழுந்தது. 1990 வரை இரண்டு நாடுகள், கிழக்கில் கம்யூனிஸ்ட் ஆட்சி. பொருளியலாளர்கள் ஆல்பர்ட்டோ அலெசினாவும் நிக்கோலா ஃபுக்ஸ் ஷுன்டெல்னும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில்லாதவர், நோயாளி, முதியவர் ஆகியோரைக் காப்பது அரசின் கடமையா என்ற கேள்விக்கு, இணைப்புக்குப் பல ஆண்டு கழித்தும் கிழக்கில் வாழ்ந்தவர்கள் மேற்கில் வாழ்ந்தவர்களைவிட அதிகமாக ஆம் என்றார்கள். வயதானவர்களிடம், அதாவது பழைய ஆட்சியில் அதிக காலம் கழித்தவர்களிடம், இந்த வேறுபாடு கூடுதல். இடைவெளி மறைய ஒன்று அல்லது இரண்டு தலைமுறை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடைவெளி அப்படிச் சுருங்குவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பழைய ஆட்கள் இறந்து புதியவர்கள் வருவதால். மீதி, அதே ஆட்கள் மனம் மாறுவதால். பதிந்தது அழியவே அழியாது என்பவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

'நானே யோசித்து எடுத்த முடிவு'

மரபு, வளர்ப்பு என்று எவ்வளவு சொன்னாலும் நம்மில் யாரும் நம்மைப் பற்றி அப்படி நினைப்பதில்லை. எதிராளி அவன் சாதியால், அவன் அப்பாவால், அவன் படிக்கும் பத்திரிகையால் அப்படி ஆனான். நான் மட்டும் விஷயத்தைப் படித்து முடிவெடுத்தேன். இந்த நம்பிக்கையைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள்.

உளவியலாளர் ஜெஃப்ரி கோஹென் 2003இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு ஒரு நலத்திட்டம் தரப்பட்டது. ஒன்றில் உதவித்தொகை தாராளம், இன்னொன்றில் மிகவும் கறார். எந்தத் திட்டத்துக்கு எந்தக் கட்சியின் ஆதரவு என்பதை மட்டும் மாற்றி மாற்றி எழுதினார். கறார் திட்டத்தை ஜனநாயகக் கட்சி ஆதரிக்கிறது என்றால் லிபரல் மாணவர்கள் அதை ஆதரித்தார்கள். தாராளத் திட்டத்தைக் குடியரசுக் கட்சி ஆதரிக்கிறது என்றால் பழமைவாத மாணவர்கள் அதை ஆதரித்தார்கள். ஏன் என்று கேட்டால், திட்டத்தின் விவரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன் என்றார்கள். மற்றவர்கள் கட்சியைப் பார்த்து முடிவெடுப்பார்களா என்றதற்கு, ஆமாம், எடுப்பார்கள் என்றார்கள்.

சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்ஸ் ஹால், பெட்டர் யோஹான்சன் குழுவினர் செய்தது அதைவிடக் குறும்பானது. 2010 தேர்தல் சமயத்தில் தெருவில் ஆட்களை நிறுத்தி, இடது கூட்டணியும் வலது கூட்டணியும் மோதிக்கொண்ட பிரச்சினைகள் சிலவற்றைப் பற்றிக் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். அவர்கள் நிரப்பும்போதே ஆய்வாளர் அதே போன்ற இன்னொரு தாளில் எதிர்க் கூட்டணிக்குச் சாதகமான பதில்களைக் குறித்து, யாரும் கவனிக்காமல் அசல் பதில்களின் மேல் ஒட்டிவிட்டார். பிறகு, இப்படிச் சொல்லியிருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார். மாற்றிய பதில்களில் அதிகபட்சம் 22 விழுக்காட்டைத்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். மற்றவற்றுக்கு ஆட்கள் தாங்கள் சொல்லாத கருத்துக்கே நியாயம் சொன்னார்கள், அதுவும் நல்ல நியாயமாக. கடைசியில் பதில்களைக் கூட்டி எந்தக் கூட்டணிக்கு நெருக்கம் என்று காட்டியபோது 92 விழுக்காட்டினர் அந்த முடிவை ஏற்றுக்கொண்டார்கள்.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, தேர்வு என்பதே பொய் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. முதலில் காரணம், பிறகு கருத்து என்ற வரிசைதான் பொய்யாகிறது. காரணங்கள் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்கின்றன. ஆனால் தன் கருத்துக்கு நேர் எதிரான ஒன்றுக்குச் சில நிமிடங்களில் நல்ல நியாயம் சொல்ல ஒருவரால் முடிகிறது என்றால், அந்த எதிர்க் கருத்தும் அவருக்குள் எட்டும் தொலைவில்தான் இருந்திருக்கிறது. மரபணுவில் எழுதி ஒட்டிய ஒன்று இவ்வளவு இளகிக் கொடுக்காது.

மாற்றம் எப்படி வருகிறது என்பதற்கு வியட்நாம் குலுக்கல் ஒரு விதம். இன்னொன்று மகள்கள். பொருளியலாளர் எபோனியா வாஷிங்டன் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் பிள்ளைகளையும் வாக்குப் பதிவுகளையும் ஒப்பிட்டார். பிள்ளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது, பெண் பிள்ளை அதிகம் உள்ளவர்கள் லிபரல் பக்கம் அதிகம் வாக்களித்தார்கள். கருக்கலைப்பு போன்ற விஷயங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதும் குலுக்கல்தான். கட்சியும் தொகுதியும் முன்போலவே இருக்க, வீட்டுக்குள் வந்த ஒருத்தியால் கருத்து நகர்ந்திருக்கிறது.

தற்செயலுக்குக் காத்திராமல் வேண்டுமென்றே ஒருவர் மனத்தை மாற்ற முடியுமா? இந்தக் கேள்விக்கு 2014இல் ஒரு ஆய்வு மாணவர் முடியும் என்று அபாரமான பதில் தந்தார். கதவைத் தட்டி இருபது நிமிடம் பேசினால் ஒருபாலினத் திருமணம் பற்றிய கருத்து நிலையாக மாறிவிடுகிறது என்று சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே தரவுகள் போலி என்று அம்பலமாகி, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அம்பலப்படுத்தியவர்களில் இருவர் டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா. அத்தோடு விடாமல் அவர்களே மயாமியில் உண்மையான சோதனையை நடத்தினார்கள். திருநங்கை, திருநம்பிகள் பற்றி வாக்காளர்களோடு வாசலில் நின்று சுமார் பத்து நிமிடம் பேச்சு. வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது. பொய்யன் கற்பனை செய்ததில் பாதி நிஜமாகிவிட்டது.

அந்தப் பேச்சில் எந்தப் பகுதி வேலை செய்தது என்று பிரித்துப் பார்ப்பதற்காக 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஏழு இடங்களில் ஏறக்குறைய 7 ஆயிரம் வாக்காளர்கள் இருந்தார்கள். சட்டம், புள்ளிவிவரம், நியாயம் என்று வாதங்களை மட்டும் வைத்துப் பேசியபோது எந்த மாற்றமும் இல்லை. எதிரில் இருப்பவரைக் குறை சொல்லாமல் கேட்டு, அவருக்கு நேர்ந்ததை அவரைச் சொல்ல வைத்து, பேசப் போனவரும் தனக்கு நேர்ந்ததைச் சொன்ன உரையாடல்களில்தான் மாற்றம் தெரிந்தது. அது சிறிய மாற்றம். குறைந்தது நான்கு மாதம் நீடித்தது. ஒரு வாசலுக்குப் பத்து நிமிடம், அதற்குப் பயிற்சி பெற்ற ஆள், திறக்காத கதவுகள் வேறு என்று பார்த்தால், தேர்தல் நேரத்தில் கட்சிகள் இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்கினால் வியப்பில்லை.